இரண்டாவதாக வந்தவர்

அந்த ஊரில் காசில்லாதவர்களுக்கென்று அரசாங்கம் வைத்திருந்தது ஒரே ஒரு வக்கீலை. அடிதடி, திருட்டு என்று மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு ஆட்கள் உண்டு. இவள் வீடு, வாடகை, ஜீவனாம்சம், பாகப்பிரிவினை என்று அலைகிறவர்களுக்கு. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்காவோடு இருப்பவள், எதிரே யார் அழுதாலும் தானும் சேர்ந்து அழாமல் காது கொடுக்கத் தெரிந்தவள். கோர்ட் கட்டடத்தின் மாடியில் கடைசி அறை அவளுடையது. ஒரு காலத்தில் அதுவே கோர்ட் ஹாலாக இருந்ததாம். நீதிபதிகள் கீழே இறங்கிப்போன பிறகு சட்ட உதவி மையத்தைக் கொண்டுவந்து அங்கே திணித்தார்கள். மேடையை இடிக்கச் செலவாகும் என்று அதன் மேலேயே மேஜையைப் போட்டுவிட்டார்கள், மரக்கம்பித் தடுப்பும் அப்படியே கிடந்தது. உதவி கேட்டு வருகிறவர்கள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பேசுவார்கள். இவள் கறுப்புக் கோட்டோடு மேலே உட்கார்ந்து குனிந்து கேட்பாள். முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

மையத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரு வழக்கில் இரண்டு தரப்பில் யார் முதலில் வந்து பேசுகிறாரோ அவருக்குத்தான் வக்கீல். இரண்டாவதாக வருகிறவருக்கு உதவக்கூடாது. ஏன் என்று சொல்லவும் கூடாது, சொன்னால் முதல் ஆள் வந்துபோனது வெளியே தெரிந்துவிடும். நியாயமான விதிதான், குற்றம் சொல்ல முடியாது. ஒரே வக்கீல் இரண்டு பேர் ரகசியத்தையும் மடியில் கட்டிக்கொண்டு யாருக்கு விசுவாசமாக இருப்பது? பத்து வக்கீல் இருக்கிற இடத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே வக்கீல் இருக்கிற இடத்தில் இது ஓட்டப்பந்தயம். இந்த விதியை எழுதிய மகானுபாவர்கள் பத்து வக்கீல் இருக்கிற ஊரில் உட்கார்ந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

இந்த வழக்கில் முதலில் வந்தவன் ஒரு விதவையின் கொழுந்தன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சாவகாசமாக உட்கார்ந்தான். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னான். மையத்தின் அட்டெண்டர் அம்மா வாய் ஓயாதவள், வருகிற எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பாள். அவனுக்கு அன்றைக்கே பல்லழகர் என்று வைத்துவிட்டாள்.

அவன் கதை இதுதான். அப்பா கட்டிய வீடு. அப்பா போய், அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது அண்ணி மட்டும் அதில் இருக்கிறாள், முன்னறையில் மேஜை போட்டு, தெருவுக்கெல்லாம் துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். அண்ணனைச் சும்மா இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம், வீடு என்னுடையது, அண்ணியைக் கிளப்ப வேண்டும் என்றான். அப்பா எழுதி வைத்தது ஏதாவது உண்டா என்று வக்கீல் கேட்டாள். வாயால் சொன்னார் என்றான். அந்த இடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுத்து இல்லையென்றால் அண்ணன் பங்கு அண்ணிக்கு. அந்த அம்மா கோர்ட்டுக்கு வந்து, இதில் என் புருஷன் பங்கு இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வழக்கு பல்லிளித்துவிடும். ஆனால் அவன் வருமானம் இல்லாதவன் என்பதற்குக் காகிதம் கொண்டுவந்திருந்தான். வாடகைக்கு ஓடுகிற இரண்டு வண்டியும் பெண்டாட்டி பெயரில். காகிதப்படி அவன் ஏழை, முதலில் வந்த ஏழை. அவள் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது கதவருகே நின்று திரும்பினான்.

"மேடம், இனிமே எங்க அண்ணி வந்தா நீங்க எடுக்க முடியாதுல்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. யாரோ விஷயம் தெரிந்த ஆள் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். வக்கீல் தேடி வந்தவனா இவன்? அண்ணிக்கு இருந்த ஒரே கதவை அடைக்க வந்திருக்கிறான். முடியாது என்று அவள் தலையசைத்தாள். அவன் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் அண்ணி வந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். விரல் நுனிகள் சூட்டில் காய்த்துப் பளபளத்தன. அட்டெண்டர் அம்மா பெயரை உரக்கக் கூப்பிட்டதும் எழுந்து வந்து, நாற்காலி இருந்தும் உட்காராமல், தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். புருஷன் இறந்தது, வீடு, கொழுந்தன் என்று மூன்று வார்த்தை வருவதற்குள் வக்கீலுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்களுக்கு என்னால உதவ முடியாதும்மா. ஏன்னு சொல்லவும் முடியாது."

அந்த அம்மா தடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

இல்லை என்றாள் வக்கீல். அதற்கு மேல் பேச அவளுக்கு அனுமதி இல்லை. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினாள், அவர்களில் யாரையாவது பார்க்கச் சொன்னாள். குறைந்த கட்டணத்தில் வழக்கு நடத்தித் தருகிறோம் என்று எப்போதோ கையெழுத்துப் போட்ட வக்கீல்களின் பட்டியல் அது. அதில் பாதிப் பேர் ஊரில் இல்லை, ஒருவர் உலகத்திலேயே இல்லை. அந்த அம்மா பட்டியலை மரியாதையாகப் பார்த்தார், கும்பிட்டார், வெளியே போனார். படி இறங்கும் சத்தம் கேட்கும் என்று வக்கீல் காத்திருந்தாள். கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது அவர் வராந்தா பெஞ்சின் கோடியில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நான் இந்த ஆளின் வழக்கை விட்டுவிடுகிறேன், அந்த அம்மாவுக்கு வேறு யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். மேலதிகாரி பொறுமையாக விளக்கினார். நீங்கள் விட்டாலும் அவன் பேச்சைக் கேட்டது கேட்டதுதான், அந்த அம்மாவைத் தொட முடியாது. பக்கத்து மாவட்ட மையம் அந்த மாவட்டக்காரர்களுக்கு மட்டும். வெளி வக்கீலுக்குக் கொடுக்க ஒதுக்கீடு இல்லை. எதிர்த்தரப்பிடம் ஒரு வார்த்தை பேசினாலும் உங்கள் வேலைக்கு ஆபத்து, ஜாக்கிரதை என்று அக்கறையாகச் சொல்லிப் போனை வைத்தார்.

சட்ட உதவியை எப்படிச் சீர்திருத்துவது என்று யோசிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். அதுவும் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தது. கோட்டும் சூட்டுமாக வந்தவர்கள் டீ குடித்தார்கள், சன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார்கள், இந்த ஆண்டில் எத்தனை பேருக்கு உதவினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் தானாகவே வாயைத் திறந்தாள். இரண்டாவதாக வருகிறவருக்கும் ஒரு வக்கீல் வேண்டும், வெளியூரிலிருந்தாவது ஒருவரை வரவழைத்துக் கொடுக்க வேண்டும், அது முடியாவிட்டால் அவரை உட்காரவைத்து, இது என்ன இடம், அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லவாவது தனியாக ஓர் ஆள் வேண்டும் என்றாள். நல்ல யோசனை என்றார்கள். அது கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தது. அவர்கள் வெளியே போனபோது பெஞ்சில் இருந்த அந்த அம்மா எழுந்து நின்று வழிவிட்டார்.

ஆமாம், அவர் தினமும் வர ஆரம்பித்திருந்தார். காலையில் வருவார், கோடியில் உட்காருவார், யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். வக்கீல் கடந்துபோகும்போது எழுந்து நிற்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள், வேறென்ன செய்வது? மதியம் அடுப்புக் கரி வாசம் மாதிரி தேய்த்த துணியின் வாசம் அறைக்குள் வரும். அவள் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். நியாயம் கேட்டு அழுதால் தாங்கலாம், சண்டை போட்டால் பதில் சொல்லலாம். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருத்தரை என்ன செய்ய முடியும்?

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அட்டெண்டர் அம்மாவைக் கூப்பிட்டு, அந்த அம்மா வீட்டுக்குப் போனால் நல்லது என்று யாராவது சொன்னால் நல்லது என்று சுற்றி வளைத்துச் சொன்னாள். அட்டெண்டர் அம்மா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"யாரும் இல்ல மேடம். இன்னிக்கு அவங்க வரவேயில்ல."

வக்கீல் எழுந்து போய்ப் பார்த்தாள். பெஞ்ச் காலியாக இருந்தது. ஆனால் காலையில் தான் உள்ளே வரும்போது அந்த அம்மா எழுந்து நின்றதை அவள் பார்த்திருந்தாள், பையைக்கூடப் பார்த்திருந்தாள். மேடம் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று அட்டெண்டர் அம்மா அதற்குள் வராந்தா முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு எது நிஜம், எது இல்லை என்று பிரிக்க முடியாமல் போயிற்று. சில நாள் அந்த அம்மா வருவார், சில நாள் வரமாட்டார். வராத நாட்களிலும் வக்கீலுக்கு அவர் இருந்தார். கதவிடுக்கில் சேலையின் ஓரம் தெரியும், தொண்டையைச் செருமுவது கேட்கும், போய்ப் பார்த்தால் வெறும் பெஞ்ச். ஒருமுறை ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில், தலையைத் திருப்பாமலே, "வழி விடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். அங்கே யாரும் இல்லை. படிக்கட்டில் நின்ற இரண்டு இளம் வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அன்றோடு அவள் அட்டெண்டர் அம்மாவிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். பெஞ்சின் பக்கம் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டாள். பார்த்தாலும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா வக்கீலின் வீட்டுக்கும் வந்தார். ஒரு சாயங்காலம் அக்கா அவளுடைய கறுப்புக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் திரும்பிப் பார்த்தபோது தேய்ப்புப் பெட்டியைப் பிடித்திருந்த கை அக்காவுடையதாக இல்லை, விரல் நுனிகள் பளபளத்தன. அவள் போட்ட சத்தத்தில் அக்கா பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டாள். கோட்டின் கைப்பகுதி கருகிப்போயிற்று.

"ஊர்ல இருக்கறவங்க பாரத்தையெல்லாம் தூக்கிட்டு வந்து நடுவீட்டுல வெக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அக்கா. பிறகு கருகிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, அப்படி யார்தான் அது என்று மெதுவாகக் கேட்டாள். அதையும் சொல்லக்கூடாது. வக்கீல் கோட்டை வாங்கி, கருகிய கை உள்ளே போகும்படி மடித்து வைத்தாள். அக்காவிடம் எதையும் மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

விசாரணை நாள் வந்தது. கொழுந்தன் புதுச் சட்டையில் கீழே காத்திருந்தான். கோப்பை எடுக்க வக்கீல் மாடிக்குப் போனாள். பெஞ்சின் கோடியில் அந்த அம்மா இருந்தார். தலை வாரி, வெளுத்த சேலை கட்டி, ஒரு சுருக்கமில்லாமல் தேய்த்து உடுத்தியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இன்றைக்கு இவர் கீழே அல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. கீழே இருக்க வேண்டியவர் மேலே எப்படி இருப்பார்? இது வழக்கமாக வருகிற அந்த வெறும் தோற்றம்தான் என்று முடிவுகட்டினாள். அட்டெண்டர் அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வராந்தாச் சிரிப்பு ஞாபகம் வந்து கேட்காமல் இறங்கிவிட்டாள்.

கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வழக்கு வந்ததும் டவாலி வாசலுக்குப் போய் அந்த அம்மாவின் பெயரை உரக்கக் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டான். அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த கொழுந்தன் சிரிப்பை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தான். வக்கீலும் பார்த்தாள். வந்துவிடு தாயே, வந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல், நான் தோற்றுத் தொலைகிறேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. மூன்றாவது முறையும் கூப்பிட்டாயிற்று. மாடியின் பின்கோடிவரை அந்தக் குரல் எட்டாது.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"எதிர்த்தரப்பு யாராவது வந்திருக்காங்களா? நீங்க பாத்தீங்களா?"

சாதாரணக் கேள்விதான், எல்லோரிடமும் கேட்பது. பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். மாடியில் இருக்கிறார் என்று சொல்லி, டவாலி போய்ப் பார்த்து, யாரும் இல்லை என்று திரும்பி வந்தால்? காலிப் பெஞ்சோடு பேசுகிற வக்கீல் என்று வராந்தாவில் சொல்லிச் சிரிப்பது போதாதென்று கோர்ட்டிலும் பதிவாகிவிடும். அப்புறம் கட்சிக்காரன் பக்கத்திலேயே நிற்கிறான். அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலைங்க" என்றாள்.

நீதிபதி எழுதினார். எதிர்த்தரப்பு வராததால் வீடு கொழுந்தனுக்கு, இருப்பவர் காலி செய்ய வேண்டும். டீ ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கொழுந்தனுக்குச் சிரிப்பு திரும்பி வந்திருந்தது. அவளுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் படியேறினாள். வராந்தாத் திருப்பத்தில் நின்று, தலையை நிமிர்த்தாமல், காலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வாழ்க்கையில் எதற்கும் அவள் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

பெஞ்ச் காலியாக இல்லை. அட்டெண்டர் அம்மா குனிந்து அந்த அம்மாவிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாங்கிக் குடித்தார். தண்ணீர் தொண்டையில் இறங்குவது தெரிந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"காலையிலிருந்து இருக்காங்க மேடம்" என்றாள் அட்டெண்டர் அம்மா. "பச்சத் தண்ணி பல்லுல படல. நீங்க இப்பல்லாம் கேக்கறதே இல்லன்னு நானும் சொல்லல."

டம்ளரோடு அவள் உள்ளே போய்விட்டாள். அந்த அம்மா எழுந்து நின்றார். வக்கீலும் நின்றாள். வழக்கம்போலக் கடந்துபோக முடியவில்லை.

"ஜட்ஜம்மா" என்றார் அவர். "கோர்ட்டுலேர்ந்து வந்த பேப்பர்ல இன்னிக்குத்தான் தேதி போட்டிருக்குன்னு எங்க தெருவுல படிச்சுச் சொன்னாங்க. என்ன எப்பக் கூப்பிடுவீங்க?"

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மேடை, தடுப்பு, கறுப்புக் கோட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள். வேறு எப்படி நினைப்பார்? முடியாது என்று அன்று சொன்னதை ஜட்ஜின் கோபமென்று எடுத்துக்கொண்டு, கோபம் தணிந்ததும் கூப்பிடுவார்கள் என்று இத்தனை நாளும் பொறுமையாக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"நான் ஜட்ஜ் இல்லம்மா. கோர்ட் கீழ இருக்கு. கூப்பிட்டாங்க. முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா?"

வீடு போய்விட்டதை வக்கீல் சொன்னாள். விதி, வேலை எல்லாம் எங்கோ போய்விட்டன. திரும்ப விசாரிக்கச் சொல்லி மனு போட வழி இருக்கிறது என்றும் சொன்னாள். அதைப் போடவும் ஒரு வக்கீல் வேண்டும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த அம்மா அழவில்லை. துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கணக்கு எங்கே தப்பிப்போயிற்று என்று தேடுகிறவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

"அப்ப நீங்க யாரு?"

"வக்கீல்."

"யாருக்கு?"

"உங்க கொழுந்தனுக்கு."

"தம்பிக்கா? காசு குடுத்து வக்கீல் வெக்கற ஆளில்லையே அவரு?"

"காசு வேண்டாம்மா. இல்லாதவங்களுக்கு அரசாங்கமே வக்கீல் குடுக்குது."

அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டார். நல்ல ஏற்பாடுதான் என்பதுபோலத் தலையைக்கூட ஆட்டினார்.

"அப்ப எனக்கு?" என்றார்.

கீழே கோர்ட் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தார். காத்திருப்பது அவருக்குப் பழகிவிட்டிருந்தது.